கடலுக்கடியில் ஒரு பெட்டிக்கடை எரிமலை

2019 ஆகஸ்ட் மாதக் கடைசி நாள், சனிக்கிழமை. செம்பூரில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்தது. அம்மா டிவியில் தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்ட ஒரு ஈழத்தமிழ்க் குடும்பம். அப்பா, அம்மா, அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். நாடு கடத்தப் புறப்பட்ட விமானத்தை நீதிமன்ற உத்தரவு பாதி வழியில் டார்வினில் நிறுத்திவிட, அங்கிருந்து அவர்களை ஒரு தீவுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி.

"அந்தப் புள்ளைங்கள எங்கடா தம்பி வச்சிருக்காங்க?"

"கிறிஸ்துமஸ் தீவாம்மா. ஜாவாவுக்குத் தெக்க, கடலுக்கு நடுவுல."

"ஜாவான்னா... நம்மூருக்கு சுனாமி வந்துச்சே, அந்தப் பக்கமா?"

"ஆமாம்மா, கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். கிட்டத்தட்ட என்ற வார்த்தை நமக்குத் தெரியாததை மூடி வைக்க ரொம்ப வசதியான வார்த்தை.

அம்மாவுக்கு அந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. எங்களுக்கு நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை அவர் வெளிப்பாளையத்தில் சித்தி வீட்டில் இருந்தார், அதனால் பிழைத்தார். நான் இங்கே மும்பையில் போனை வைத்துக்கொண்டு லைன் கிடைக்காமல் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தேன். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். கீச்சாங்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் பாதி இல்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அன்றிலிருந்து கடல் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியானாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அது எந்தப் பக்கம்?"

அன்று ராத்திரி மேப்பைத் திறந்து பார்த்தேன். அம்மா சொன்னது சரிதான். நான் சொன்ன 'கிட்டத்தட்ட'வுக்கு அவசியமே இல்லை. சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டி வந்து, ஜாவாவுக்குத் தெற்கே வளைந்து கிழக்கே போகும் ஒரு நீளமான பள்ளம் கடலடியில் இருக்கிறது. சுண்டா அகழி என்பார்கள், ஜாவா பக்கத்தில் ஜாவா அகழி என்றும் பெயர். அதன் வடமேற்குக் கோடியில், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குத் தரை பிளந்ததுதான் 2004. கிறிஸ்துமஸ் தீவு அதே பள்ளத்தின் இன்னொரு முனைப் பக்கம், பள்ளத்துக்குத் தென்கரையில் நிற்கிறது. ஒரே வாய்க்கால், இரண்டு மதகு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மேப்பைப் பார்த்ததும் வேறொரு கேள்வி வந்துவிட்டது. அந்தத் தீவு ஏன் அங்கே இருக்கிறது? கடலடியிலிருந்து சுமார் 5,000 மீட்டர் எழுந்து நிற்கும் எரிமலை அது. மேலே சுண்ணாம்புக்கல் தொப்பி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் எரிமலைக்கு என்ன வேலை?

கேள்வி ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் பெண்ணின் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எரிமலைகள் வரும் இடங்கள் மூன்று என்று போட்டிருந்தது. ஒன்று, கடலடித் தட்டுகள் பிரிந்து விலகும் இடம். இரண்டு, ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் புகும் இடம். உள்ளே போகிற தட்டிலிருந்து நீர் கசிந்து மேலிருக்கும் பாறையை உருக்குகிறது. கிரகடோவா, மெராப்பி எல்லாம் அப்படி வந்தவை. நம் அந்தமானில் இருக்கும் பேரன் தீவு எரிமலையும் அதே குடும்பம். மூன்றாவது ஹாட்ஸ்பாட், அதாவது ஆழத்திலிருந்து சூடு ஒரே இடத்தில் எழும்பி மேலே நகரும் தட்டைப் பொத்துக்கொண்டு வருவது. ஹவாய். நாம் நிற்கும் மும்பையும் இந்த வகைதான் என்று பலரும் சொல்கிறார்கள். சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன் தக்காணத்தை மூடிய லாவா, இப்போது ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கும் சூட்டிலிருந்து வந்தது என்பது கணக்கு. என் பால்கனியிலிருந்து தெரியும் ட்ராம்பே மலை அந்தக் கறுப்புக் கல்தான். அந்தேரியில் கில்பர்ட் குன்று தூண் தூணாக நிற்பதும் அதுதான். மும்பையில் சில இடங்களில் லாவா தண்ணீருக்குள் பாய்ந்து தலையணை தலையணையாக உருண்டு உறைந்திருப்பதையும் பார்க்கலாம்.

இரண்டாவது வகையைக் கவனியுங்கள். எரிமலை வருவது பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தட்டு புகுந்த பிறகு. பள்ளத்துக்கு இந்தப் பக்கம், இன்னும் புகாத தட்டில் எதுவும் நடக்கக்கூடாது. அது பழைய தட்டு, கோடிக்கணக்கான வருஷம் ஆறிக் குளிர்ந்து கெட்டியானது. கிறிஸ்துமஸ் தீவு நிற்பது இந்தப் பக்கம்.

இந்தத் தீவுக்கு ஒரு விசித்திரமான சரித்திரமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட மனசில்லை. 1643 கிறிஸ்துமஸ் அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று அதைக் கடந்து போனது, அதனால் அந்தப் பெயர். சுற்றிலும் செங்குத்துப் பாறை, இறங்க இடமில்லை, 240 வருஷம் யாரும் சீண்டவில்லை. ஜான் மர்ரே என்று ஒருவர். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சாலஞ்சர்' கப்பலில் இயற்கை விஞ்ஞானியாகப் போனவர். கயிற்றில் குண்டைக் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்த்த காலம் அது. 1875 மார்ச்சில் மரியானா பகுதியில் 8 கி.மீ.க்கு மேல் கயிறு போனது அந்தக் கப்பலில்தான். ஊர் திரும்பிய பின் 1880களில் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த ஒரு கல் மாதிரி அவர் கைக்குக் கிடைத்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, பாஸ்பேட். பறவை எச்சமும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆன உரக்கல். 1888ல் பிரிட்டன் தீவைத் தனதாக்கியது. 1897ல் கம்பெனி ஆரம்பித்தார்கள். சீனத் தொழிலாளர்களைக் கூட்டிப்போய்த் தோண்டினார்கள். தீட்டிய அரிசியையே தின்று பெரிபெரி வந்து அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் அங்கேயே செத்தார்கள். தீவின் மிக உயரமான 361 மீட்டர் மேட்டுக்கு மர்ரே குன்று என்று பெயர். செத்தவர்கள் பெயரில் குன்று இல்லை.

மர்ரே 1914ல் இறந்தார். கடல் ஆராய்ச்சிக்கென்று அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1933-34ல் ஒரு பயணம் போனது, 'மபாஹிஸ்' என்ற எகிப்தியக் கப்பலில். தலைவர் சீமோர் செவெல், நம் இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். போன இடம் எது தெரியுமா? அரபிக்கடல். அதாவது நம் மெரின் டிரைவில் சுண்டல் தின்றுகொண்டே பார்க்கிறோமே, அந்தக் கடல். எதிரொலிக் கருவியால் ஆழம் அளந்துகொண்டே போய், வடக்கே கராச்சிப் பக்கம் கடலடியில் ஒரு மலைத்தொடரைக் கண்டார்கள். அதற்கு மர்ரே தொடர் என்று பெயர் வைத்தார்கள். எங்கோ ஜாவாவுக்குத் தெற்கே ஓர் எரிமலைத் தலையில் கொத்திய உரக்கல், மும்பைக்கு வெளியே இருக்கும் கடலை அளக்கச் சம்பளம் கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த மர்ரே தொடரின் வடகோடிக்கு அப்பால் மக்ரான் கரை. அங்கேயும் ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் புகுகிறது. "அதெல்லாம் கிழக்குக் கடற்கரை சமாச்சாரம், மும்பைக்கு சுனாமி வராது" என்று மாட்டுங்கா ஓட்டலில் காபி குடித்துக்கொண்டே நண்பர் ஒருவர் சொன்னார். அவருக்காக இது: 1945 நவம்பர் 28 விடிகாலை மக்ரானில் பெரிய பூகம்பம், அளவு 8.1. சில மணி நேரத்தில் மும்பைக்கு அலை வந்தது, சுமார் 2 மீட்டர். இங்கே 15 பேர் அடித்துச் செல்லப்பட்டதாகப் பதிவு. அப்போது மக்ரான் கரையோரம் கடலிலிருந்து புதுத் தீவுகள் கிளம்பின. 2013 செப்டம்பரில் பலுசிஸ்தான் பூகம்பத்தின்போதும் குவாதருக்கு அருகே ஒன்று கிளம்பி, சில வருஷத்தில் கரைந்துபோனது. ஆனால் அவை நெருப்பு எரிமலை இல்லை, சேற்று எரிமலை. அடியில் இறுகிய சேறும் வாயுவும் பீறிட்டு வருவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வந்தது நிஜ லாவா.

சரி, கதைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் தீவின் புதிருக்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது.

ஜப்பானின் ஜாம்ஸ்டெக் நிறுவனத்திடம் 'கைகோ' என்று ஓர் ஆளில்லா நீர்மூழ்கி இருந்தது. 1995ல் மரியானா அகழியின் அடிவரை, 10,900 மீட்டருக்கு மேல் போய் வந்த கருவி. 1997ல் அதை ஜப்பான் அகழியில் இறக்கினார்கள். அகழியின் கடல் பக்கச் சரிவில், 7,000 மீட்டருக்குக் கீழே, சில கறுப்புக் கற்களைப் பொறுக்கி வந்தது. அந்தத் தட்டுக்கு வயசு சுமார் 13 கோடி வருஷம். கல்லும் அதே வயசு இருக்கவேண்டும். சோதித்துப் பார்த்தால் 60 லட்சம் வருஷம்தான்! நூறு வருஷத்து வீட்டில் போன வாரம் பூசிய சுவர் மாதிரி. பக்கத்தில் ஹாட்ஸ்பாட் கிடையாது, தட்டு பிரியும் இடமும் கிடையாது. 2001ல் நவோட்டோ ஹிரானோவும் கூட்டாளிகளும் இது புது வகை எரிமலை என்று கட்டுரை எழுதினார்கள். ஒரு கை அளவு கல்லை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சாதாரணப் பெருக்கல் கணக்கு. பசிபிக் தட்டு வருஷத்துக்கு 10 செ.மீ. வாக்கில் அகழியை நோக்கி நகர்கிறது. 60 லட்சம் வருஷத்துக்கு 600 கி.மீ. ஆக இந்தக் கல் கக்கப்பட்டபோது இந்த இடம் அகழியிலிருந்து 600 கி.மீ. தள்ளி இருந்திருக்கவேண்டும். காரணம் தட்டோடு நகராமல் அங்கேயே நிற்கிறதென்றால், இன்றைக்கும் 600 கி.மீ. தள்ளிப் போய்ப் பார்த்தால் இன்னும் இளசான எரிமலை இருக்கவேண்டும். போய்ப் பார்த்தார்கள். இடையில் 2003 மே மாதம் கைகோவே கடலில் கேபிள் அறுந்து தொலைந்துபோனது. இருந்தாலும் 'கைரெய்' கப்பலில் போய், 'ஷின்காய் 6500' நீர்மூழ்கியில் ஆட்களே இறங்கித் தேடினார்கள். இருந்தது. குட்டிக் குட்டி எரிமலைகள், 10 லட்சம் வருஷத்துக்கும் குறைந்த வயசில், பழைய குளிர்ந்த தட்டின்மேல், யாரும் எதிர்பார்க்காத இடத்தில். 2006ல் சயன்ஸ் பத்திரிகையில் வந்தது. பெயர் வைத்தார்கள்: பெட்டி ஸ்பாட்.

ஹாட்ஸ்பாட்டுக்கு எதிர்ப்பதமாக வைத்த பெயர். பிரெஞ்சில் பெட்டி என்றால் சின்னது, புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால் இன்னும் ஒழுங்காக உச்சரிப்பார்கள். ஆனால் முதல் முறை படித்தபோது எனக்குத் தோன்றியது நம் பெட்டிக்கடைதான். ஹவாய் டிபார்ட்மென்ட் ஸ்டோர், இது பெட்டிக்கடை. அளவும் அப்படியே. ஒவ்வொன்றும் ஒரு கி.மீ. அகலம், சில பத்து மீட்டரிலிருந்து நூறு மீட்டர் சொச்சம் உயரம். ட்ராம்பே மலைகூட இதைவிட உயரம்.

அதனால்தான் கண்ணில் படவில்லை. கடலடி மேப் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி கப்பல் அளந்தது இல்லை. செயற்கைக்கோள் கடல் மட்டத்தின் மேடு பள்ளத்தை அளந்து, அடியில் மலை இருக்கும் என்று ஊகித்தது. ஒரு கி.மீ. ஒன்றரை கி.மீ. உயரமில்லாத மலை அதில் தெரியாது. கப்பல் நேரடியாகப் போய் எதிரொலியால் அளந்த பகுதி இன்றைக்கும் உலகக் கடலில் கால்வாசிக்குச் சற்று மேல்தான். தாராவி 90 அடி சாலையில் நடந்தால் பத்தடிக்கு ஒரு பெட்டிக்கடை. வெற்றிலை, பீடி, முறுக்கு, தினத்தந்தி, ரீசார்ஜ். நகரத்து மேப்பில் ஒன்றும் இருக்காது. நடந்தவனுக்குத்தான் தெரியும்.

எப்படி வருகிறது இந்த நெருப்பு? இதை என் பெண்ணுக்கு விளக்க நான் பட்ட பாட்டை எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு நீளமான பிளாஸ்டிக் ஸ்கேல், ஓர் இலவம் பஞ்சு மெத்தை. ஸ்கேலை மெத்தைமேல் படுக்க வைத்து ஒரு முனையை விரலால் அமுக்குங்கள். முனை மெத்தைக்குள் போகும். போகும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் ஸ்கேல் லேசாகப் புடைத்துக்கொண்டு மேலே எழும். கடலடித் தட்டும் அப்படித்தான். அகழிக்குள் தலை குனிவதற்கு முன் சில நூறு மீட்டர் மேலே எழுகிறது. எழும்போது வளைகிறது, வளையும்போது விரிசல் விடுகிறது. புடைப்பின் உச்சியில் மேல்பக்கம் இழுபடும். அதற்கும் பின்னால், தட்டு எழ ஆரம்பிக்கும் இடத்தில், அடிப்பக்கம் இழுபடும். அந்த அடிப்பக்கத்து விரிசல்தான் வாசல்.

"விரிசல் விட்டா லாவா வருமாப்பா? அடியில லாவா குளம் இருக்கா?" என்றாள்.

நல்ல கேள்வி. குளம் இல்லை. அன்று காலை இட்லி. மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்ததைக் காட்டினேன். எண்ணெய் தனியாகத் தெரிகிறதா? இல்லை. விரலால் ஓரத்தில் அமுக்கினால் கசிகிறதா? கசிகிறது. தட்டுக்கு அடியில் இருக்கும் பாறை அந்தப் பொடி மாதிரி. முழுக்க உருகியது இல்லை. திடப் பாறைதான், ஆனால் குருணைகளுக்கு இடையில் துளித்துளியாக உருகிய பாறை ஊறிக்கிடக்கிறது. வாசல் திறந்தால் கசிந்து மேலே ஏறுகிறது. கொஞ்சம்தான் இருப்பதால் கொஞ்சம்தான் வருகிறது. ஆகவே பெட்டிக்கடை.

விஞ்ஞானிகளுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்பது இங்கேதான் இருக்கிறது. தட்டுகள் எதன்மேல் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன என்பது பழைய வழக்கு. அடியில் உருகிய பாறை கொஞ்சம் இருப்பதால்தான் என்று ஒரு கட்சி. உருகவே வேண்டாம், சூட்டில் மெத்தென்று ஆன திடப் பாறையே போதும் என்று இன்னொரு கட்சி. பூகம்ப அலைகளை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம், வாதாடிக்கொண்டும் இருந்தார்கள். ஹாட்ஸ்பாட் சாட்சி செல்லாது, ஏனென்றால் அது தன் சூட்டைத் தானே கொண்டுவருகிறது. பெட்டி ஸ்பாட்டுக்குத் தனிச் சூடு கிடையாது. தட்டு வளைந்தது, கசிந்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் உருகியது முன்பே அங்கே இருந்திருக்கிறது, அதுவும் எந்த விசேஷமும் இல்லாத சாதாரண இடத்தில். வழக்கு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் முதல் கட்சிக்கு ஒரு நேரடி சாட்சி கிடைத்துவிட்டது. அந்த லாவாவில் கரியமில வாயுவும் நிறைய இருந்தது. கடலடியிலிருந்து எவ்வளவு கரி வெளியே வருகிறது என்ற கணக்கில் இந்தப் பெட்டிக்கடைகளை யாரும் சேர்த்திருக்கவில்லை.

ஜப்பானுக்கு மட்டும் உரிய விசேஷமாக இருக்குமோ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பிறகு டோங்கா அகழி, சிலி அகழி, மரியானா அகழி என்று அகழிகளின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கண்டார்கள். 2013ல் கோஸ்டா ரிக்காவில், கடலடியிலிருந்து நிலத்தில் ஒட்டிக்கொண்டு ஏறிய பழைய பெட்டி ஸ்பாட் கற்களைக்கூட அடையாளம் கண்டார்கள்.

இப்போது கிறிஸ்துமஸ் தீவு. இது பெட்டிக்கடை இல்லை, பெரிய கட்டடம். அந்தப் பகுதியில் கிழக்கு மேற்காக 1,800 கி.மீ. நீளத்துக்குக் கடலடி மலைகள் இருக்கின்றன. 2008ல் ஜெர்மானியர்கள் 'ஸோன' கப்பலில் போய்க் கல் எடுத்து, பெரும்பாலானவை 4.7 கோடியிலிருந்து 13.6 கோடி வருஷம் வரை பழையவை என்று 2011ல் எழுதினார்கள். பழைய கண்டத்தின் வேர்ப்பகுதி பிய்ந்து கடலடிப் பாறையில் கலந்து, பிறகு உருகி வந்தவை என்பது அவர்கள் கட்சி. தீவின் உடம்பும் பழசுதான். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் தீவிலேயே வெளித்தெரியும் கற்களை வயசு பார்த்தார்கள், 2015ல் வெளிவந்தது. ஒரு பகுதி சுமார் 4 கோடி வருஷம். இன்னொரு பகுதி 40 லட்சத்துக்குச் சற்று மேல். நடுவில் மூன்றரைக் கோடி வருஷ உறக்கம்!

உறங்கிய எரிமலையை எழுப்பியது யார்? தட்டு வருஷத்துக்குச் சுமார் 7 செ.மீ. வடக்கே நகர்கிறது. 40 லட்சம் வருஷத்துக்கு 280 கி.மீ. அப்போது தீவு இன்னும் தெற்கே, அகழியின் வளைவு ஆரம்பிக்கும் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. தட்டு வளைந்தது, விரிசல் விட்டது, அடியில் ஊறிக்கிடந்தது கசிந்தது. ஹிரானோ ஜப்பானுக்குச் சொன்ன அதே காரணத்தைத்தான் அவர்கள் இங்கே பொருத்தினார்கள். பழைய கட்டடத்தின் திண்ணையில் பிற்பாடு வைத்த பெட்டிக்கடை என்று சொல்லலாம். தீவைச் சுற்றிப் படிப்படியாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகளும் இதே கதையைச் சொல்கின்றன. பவளம் கடல்மட்டத்தில் வளர்ந்தது, தட்டின் புடைப்பு தீவையே மேலே தூக்கியது, பழைய பவளக் கரை மேலே போய்ப் புதுக் கரை கீழே வளர்ந்தது. இறங்க இடமில்லாமல் 240 வருஷம் கப்பல்களை விரட்டிய அந்தச் செங்குத்துப் பாறை இப்படி வந்தது. பறவைகள் நிம்மதியாக இருந்ததும், உரக்கல் மிஞ்சியதும், மர்ரேக்குக் காசு வந்ததும், 2008ல் அங்கே தஞ்சம் கேட்பவர்களை அடைக்கும் பெரிய முகாம் திறந்ததும், எல்லாம் அந்தத் தனிமையால்தான். அடுத்த வருஷங்களில் படகில் வந்த ஈழத்தமிழர்கள் எத்தனையோ பேருக்கு ஆஸ்திரேலியா என்று முதலில் கண்ணில் பட்ட நிலம் இதுதான்.

அம்மாவிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவருக்கு லாவாவில் அக்கறை இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"இந்தச் சின்ன எரிமலையால சுனாமி வருமா?"

எரிமலையால் வராது என்றேன். அது ஆறேழு கி.மீ. தண்ணீருக்கு அடியில் மெதுவாகக் கசிவது. ஆனால் முழுக்கச் சம்பந்தமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. 2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமியில் தட்டு மிக அதிகமாக வழுக்கியது அகழிக்குப் பக்கத்தில். அங்கே தட்டின் மேல் படிந்திருக்கும் மென்மையான களிமண் வழுக்க உதவியது என்பது பிறகு துளையிட்டுப் பார்த்ததில் தெரிந்தது. 2020ல் ஜப்பானியக் குழு ஒன்று எழுதியது: பெட்டி ஸ்பாட் எரிமலைகள் கிளம்பிய இடங்களில் அந்த வண்டல் மெலிந்தும் குலைந்தும் இருக்கிறது, அப்படிப்பட்ட தட்டு அகழிக்குள் போகும்போது பூகம்பம் எங்கே எவ்வளவு வழுக்கும் என்பதே மாறலாம். சின்னக் கல்தான், ஆனால் வண்டிச் சக்கரத்துக்குக் கீழே வந்தால் சின்னக் கல்லா பெரிய கல்லா என்று பார்க்க முடியாது. சுண்டா அகழியின் வெளிப்பக்கத்தில் இப்படி எத்தனை கிடக்கின்றன என்பதை, அந்த அகழியின் அலையை வாங்கிய ஊர்க்காரன் என்ற முறையிலாவது, யாராவது முழுசாக அளந்து முடிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2004ல் அன்று காலை 6:29க்குத் தரை பிளந்தது. நாகைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் கீச்சாங்குப்பத்தில் யாருக்கும் அகழி என்ற வார்த்தைகூடத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. நான் படித்தவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன். இப்போது ஹைதராபாத் இன்காய்ஸில் 2007லிருந்து எச்சரிக்கை மையம் இருக்கிறது. அம்மா அதை நம்புகிறார், ஆனாலும் ஊருக்குப் போனால் வெளிப்பாளையத்துக்குக் கிழக்கே ராத்தங்குவதில்லை.

அந்தக் குடும்பம் 2021 ஜூன் வரை தீவில் இருந்தது. சின்னக் குழந்தைக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போய், பெர்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் தீவிலிருந்து வெளியே வந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் ஜூன் மாதம், ஆட்சி மாறிய பிறகு, அவர்கள் வாழ்ந்த ஊருக்கே திரும்பினார்கள். ஊர் ஜனம் திரண்டு வரவேற்றது. அன்று அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்களையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"வளந்துருச்சுங்க" என்றார். பிறகு, "அந்தத் தீவு என்னாச்சு?"

"அங்கதாம்மா இருக்கு. பள்ளத்தப் பாத்துப் போயிட்டிருக்கு."

"எம்புட்டுப் போயிருக்கும்?"

மனசுக்குள் பெருக்கினேன். மூன்று வருஷம், வருஷத்துக்கு 7 செ.மீ.

"நீ கேட்ட அன்னையிலேர்ந்து ஒரு சாண் போயிருக்கும்மா."

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை விரித்துக் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை தரையில் வைத்துப் பார்த்தார்.